பால் கட்டு எத்தனை நாள் இருக்கலாம்?



பிள்ளைக்குப் பால் கொடுக்கும் தாய்க்கு மார்பில் வலி வருவது உண்டு. வீக்கம் வருவதும் உண்டு. "இது பால் கட்டுதான். தானாகச் சரியாகிவிடும்" என்று வீட்டில் சொல்வார்கள். பல நேரம் அது சரிதான். ஆனால் எல்லா நேரமும் சரியல்ல.

சில தாய்மாருக்குப் பால் கட்டு சீழ்க்கட்டியாக மாறிவிடுகிறது. சிலர் மார்பில் உள்ள கட்டியை மாதக் கணக்கில் பால் கட்டு என்றே நினைத்து இருந்து விடுகிறார்கள். வேறு நோய் என்று தெரியும்போது காலம் கடந்து போகிறது.

எது சாதாரணம்? எது நோய்? எத்தனை நாள் பொறுக்கலாம்? எப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? இவற்றை இந்தப் பாடத்தில் தெரிந்து கொள்வோம்.

பால் எப்படி வருகிறது?

மார்புக்குள் பால் சுரக்கும் சிறு பைகள் உள்ளன. அவை திராட்சைக் கொத்து போல இருக்கும். அங்கே சுரக்கும் பால் மெல்லிய குழாய்கள் வழியாகக் காம்புக்கு வருகிறது. பிள்ளை குடிக்கக் குடிக்கப் பால் சுரக்கும். குடிப்பது குறைந்தால் சுரப்பதும் மெல்லக் குறையும்.

பிரசவமான 3-ஆம் நாள் வாக்கில் இரண்டு மார்பும் கனக்கும். கொஞ்சம் சூடாகவும் இருக்கும். பிள்ளை பால் குடித்ததும் இளகிவிடும். இது நோய் அல்ல. பால் நன்றாகச் சுரக்கத் தொடங்கியதின் அடையாளம். சிலருக்கு அக்குளிலும் வீக்கம் தெரியும். அங்கும் சிலருக்குப் பால் சுரக்கும் சதை இருக்கிறது. அதை அழுத்த வேண்டாம். பிழிய வேண்டாம். சில நாளில் தானே வற்றும்.

பால் கட்டுவது ஏன்?

பிள்ளை சரியாகக் கவ்வாவிட்டால் பால் கட்டும். தாய் பல மணி நேரம் பிள்ளையைப் பிரிந்து இருந்தாலும் பால் கட்டும். தேயிலைத் தோட்டம், கட்டட வேலை, செங்கல் சூளை, வயல் வேலை ஆகியவற்றுக்குப் போகும் தாய்மாருக்கு இது அடிக்கடி வருகிறது. இறுக்கமான ரவிக்கையும் ஒரு காரணம். பிள்ளைக்கு வேண்டியதற்கு மேல் பாலைப் பிழிந்து பிழிந்து எடுப்பதும் ஒரு காரணம். அப்படி எடுத்தால் பால் இன்னும் அதிகமாகச் சுரக்கும். வீக்கமும் கூடும்.

பால் கட்டினால் மார்பின் ஒரு பக்கத்தில் ஓர் இடம் மட்டும் கெட்டியாகும். தொட்டால் வலிக்கும். ஆனால் காய்ச்சல் இருக்காது. உடம்பு அசதி அதிகம் இருக்காது.

உடனே என்ன செய்யலாம்?

1. பால் கொடுப்பதை நிறுத்த வேண்டாம். பிள்ளை கேட்கும் போதெல்லாம் இரண்டு பக்கமும் வழக்கம்போல் கொடுங்கள்.

2. மார்பு கல்லாக இருந்து பிள்ளையால் கவ்வ முடியாவிட்டால், கையால் கொஞ்சம் பாலை மட்டும் பீய்ச்சி விடுங்கள். காம்பைச் சுற்றி இளகினால் போதும். முழுவதும் காலி செய்ய வேண்டாம்.

3. பால் கொடுத்த பிறகு ஒரு துணியை மண்பானைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து 10 நிமிடம் வையுங்கள். குளிர்ச்சி வீக்கத்தைக் குறைக்கும்.

4. ரவிக்கையைத் தளர்த்துங்கள். தண்ணீர் குடியுங்கள். ஓய்வு எடுங்கள். வீட்டு வேலையை ஒரு நாள் மற்றவர்கள் பார்க்கட்டும்.

5. வலி அதிகம் என்றால் பாரசிட்டமால் மாத்திரை சாப்பிடலாம். பால் கொடுக்கும் தாய்க்கு அது ஏற்றதுதான். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு ஒரு முறை என்று செவிலியரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள்.

கட்டியை அழுத்தித் தேய்க்கலாமா?

கூடாது. முன்பு, "நன்றாக அழுத்தித் தேய்த்து விடு, கட்டி கரையும்" என்று சொன்னார்கள். மருத்துவர்களும் சொன்னது உண்டு. இப்போது அப்படிச் சொல்வதில்லை.

வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். வாய்க்காலுக்குள் மண் அடைத்தால் தள்ளி விடலாம். ஆனால் கரையே உப்பி வழியை நெருக்கினால்? அதன் மேல் ஏறி மிதித்தால் கரைதான் உடையும். மார்பிலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. குழாயைச் சுற்றி உள்ள சதை வீங்கிக் குழாயை நெருக்குகிறது. அழுத்தித் தேய்த்தால் அந்தச் சதை காயப்படும். வீக்கம் கூடும். லேசாகத் தடவிக் கொடுக்கலாம். அவ்வளவுதான்.

பால் கட்டு எப்போது நோய் ஆகிறது?

காம்பில் வெடிப்பு இருந்தால் அதன் வழியாகக் கிருமி உள்ளே போகலாம். வீக்கம் குறையாமல் இருந்தாலும் கிருமி பெருகலாம். அப்போது இந்த அடையாளங்கள் தெரியும்:

காய்ச்சல் வரும். 101 டிகிரிக்கு மேலும் போகலாம்.

குளிர் நடுக்கம் வரும். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கும்.

மார்பில் ஓர் இடம் வீங்கிச் சூடாக இருக்கும். தொட விடாது.

அந்த இடத்தில் தோல் சிவக்கும். கறுத்த நிறம் உள்ளவர்களுக்குச் சிவப்பு தெரியாது. அந்த இடம் இன்னும் கறுத்து, மினுமினுப்பாகத் தெரியும். கண்ணால் மட்டும் பார்க்க வேண்டாம். புறங்கையால் தொட்டுப் பாருங்கள். மற்றப் பக்கத்தை விடச் சூடாக இருக்கிறதா என்று பாருங்கள்.

இந்த நோய் பிரசவமான முதல் சில வாரங்களில்தான் அதிகம் வருகிறது. பிறகும் வரலாம்.

காய்ச்சலும் மார்பு வலியும் சேர்ந்து வந்தால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். காய்ச்சல் இல்லாவிட்டாலும், ஒரு நாள் ஆகியும் வீக்கமும் வலியும் குறையவில்லை என்றால் போங்கள்.

எல்லா வீக்கத்துக்கும் கிருமிக்கான மருந்து தேவையில்லை. தேவையா என்று மருத்துவர் பார்த்துச் சொல்வார். கொடுத்தால், சொன்ன நாள் வரை முழுவதும் சாப்பிட வேண்டும். 2 நாளில் வலி குறைந்தது என்று நிறுத்தினால் நோய் திரும்ப வரும். "நான் பால் கொடுக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்துகள் இருக்கின்றன. மருந்துக் கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம்.

பிரசவமாகி 42 நாளுக்குள் காய்ச்சல் வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். அடிவயிறு வலிக்கிறதா? தீட்டு நாற்றம் அடிக்கிறதா? தையல் போட்ட இடம் வலிக்கிறதா? இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். காய்ச்சலுக்கு மார்பு மட்டும்தான் காரணம் என்று நாமே முடிவு செய்யக் கூடாது.

மூச்சு வாங்குவது, மயக்கம், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைவது ஆகியவை ஆபத்தான அடையாளங்கள். ஒரு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள்.

நோய் வந்த மார்பில் பால் கொடுக்கலாமா?

ஒரு வீட்டில் மாமியாரும் நர்சம்மாவும் பேசுகிறார்கள் என்று வைத்துக் கொள்வோம்.

"ஏம்மா நர்சம்மா, சீக்குப் பிடிச்ச பாலைப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா? வயித்தால போகாதா?"

"கொடுக்கலாம்மா. தாய்க்கு வந்த இந்த நோயால பிள்ளைக்குக் கெடுதல் வராது. நிறுத்தினாத்தான் கெடுதல். பால் தேங்கி வீக்கம் அதிகமாகும்."

"பக்கத்து வீட்டில டப்பாப் பால் வாங்கச் சொல்றாங்களே?"

"வேண்டாம்மா. 6 மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணிகூட வேண்டாம். மருமகளுக்கு மருந்து கொடுங்க, சோறு கொடுங்க, கொஞ்சம் தூங்க விடுங்க. பிள்ளைக்கு அவங்க பாலே போதும்."

"சரிம்மா. அவ தூங்கட்டும். பிள்ளையை நான் பார்த்துக்கறேன்."

நர்சம்மா சொன்னது சரி. டப்பாப் பாலுக்கும் பால் புட்டிக்கும் விளம்பரம் செய்வதை நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துள்ளது. தாய்ப்பாலைக் காப்பதற்காக வந்த சட்டம் அது.

இரண்டு நேரங்களில் மட்டும் வேறு யோசனை கேட்க வேண்டும். மார்பில் சின்னச் சின்ன நீர்க் கொப்புளங்கள் கூட்டமாக வந்து வலித்தால் அந்தப் பக்கம் பால் கொடுக்காதீர்கள். "அக்கி" என்று காவி பூசி வீட்டில் இருந்துவிட வேண்டாம். அது பிள்ளைக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து. அன்றே மருத்துவரிடம் போங்கள். அடுத்து, எச்.ஐ.வி. உள்ள தாய்மார். மார்பில் புண்ணோ வீக்கமோ வந்தால் அன்றே ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்க வேண்டும்.

சீழ் கட்டினால்?

மருந்து தொடங்கி 2 நாள் ஆகியும் காய்ச்சலும் வலியும் குறையவில்லை என்றால் மறுபடியும் போங்கள். உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். வலிக்கும் இடம் உருண்டையாகத் தெரியும். அழுத்தினால் உள்ளே நீர் இருப்பது போல் இருக்கும்.

மருத்துவர் ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார். அந்த ஸ்கேனால் தாய்க்கும் பாலுக்கும் கெடுதல் இல்லை. பல பேருக்கு ஊசியால் சீழை எடுத்தாலே குணமாகிறது. பெரிதாகக் கீற வேண்டியது இல்லை. சீழ் எடுத்த பிறகும் பெரும்பாலோர் பால் கொடுக்கலாம். கீறிய இடம் பிள்ளையின் வாய் படும் இடத்தில் இருந்தால், ஆறும்வரை அந்தப் பக்கம் பாலைப் பீய்ச்சி விடச் சொல்வார்கள்.

வீட்டில் நாமே குத்தக் கூடாது. பிதுக்கக் கூடாது.

வீட்டு வைத்தியம்: எது சரி, எது தவறு?

உப்பு மூட்டை ஒத்தடம்: வேண்டாம். வீங்கிய தோலில் சூடு சரியாக உறைக்காது. தோல் வெந்து விடும். வெந்நீரில் நனைத்த துணியும் வீக்கத்தைக் குறைக்காது.

சுண்ணாம்புப் பற்று: வேண்டாம். சுண்ணாம்பு தோலை அரிக்கும். பிள்ளையின் வாயிலும் படும்.

மல்லிகைப் பூ: பால் கட்டினால் மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டுவது நம் பழக்கம். இதை நம் நாட்டு மருத்துவர்கள் ஆராய்ந்து 1988-இல் எழுதினார்கள். பூ வைத்த தாய்மாருக்குப் பால் வற்றியது. அதாவது, பாலை நிறுத்த வேண்டிய தாய்க்கு அது உதவும். பால் கொடுக்க விரும்பும் தாய் வைத்தால் பிள்ளைக்குப் பால் குறைந்து விடும்.

மந்திரிப்பது: மன நிம்மதிக்காகச் செய்பவர்கள் உண்டு. அதற்காக ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப் போடக் கூடாது.

காம்பில் வெடிப்பு

பால் கொடுக்கும்போது காம்பு தொடர்ந்து வலித்தால் பிள்ளை கவ்வும் விதத்தைப் பாருங்கள். பிள்ளையின் வாய் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். காம்பு மட்டும் அல்ல, சுற்றியுள்ள கறுத்த வட்டத்தின் பெரும் பகுதியும் வாய்க்குள் இருக்க வேண்டும். கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். தாடை மார்பைத் தொட வேண்டும்.

சரியாகக் கவ்வவில்லை என்றால் இழுத்து எடுக்காதீர்கள். சுண்டு விரலைப் பிள்ளையின் வாயோரம் விட்டு மெல்ல எடுங்கள். மறுபடியும் வையுங்கள்.

காம்புக்குச் சோப்புப் போட வேண்டாம். தோல் வறண்டு வெடிக்கும். குளிக்கும் தண்ணீரே போதும். பால் கொடுத்த பிறகு ஒரு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடுங்கள்.

தோலில் வரும் மாற்றங்கள்

இரண்டு பக்கமும் அரிப்பும் தடிப்பும் வந்தால் சோப்பு, புதுத் துணி, தைலம் ஆகியவை ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அதை மாற்றிப் பாருங்கள்.

காம்பு எரிந்து, பிள்ளையின் வாயிலும் துடைத்தால் போகாத வெள்ளைப் படை இருந்தால் அது பூஞ்சைக் கிருமியாக இருக்கலாம். தாயும் பிள்ளையும் சேர்ந்தே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கீழே உள்ள மாற்றங்களை மட்டும் சாதாரணமாக நினைக்க வேண்டாம்:

மார்பின் தோல் தடித்து, ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சிறு சிறு குழிகளாகத் தெரிவது.

ஓர் இடத்தில் தோல் உள்ளே இழுத்துக் கொள்வது.

நேராக இருந்த காம்பு புதிதாக உள்ளே போவது.

ஒரு காம்பில் மட்டும் செதில் உதிர்ந்து, பக்குக் கட்டி, ஆறாத புண்ணாக இருப்பது.

ஒரு பக்கக் காம்பிலிருந்து தொடர்ந்து இரத்தம் வருவது. காம்பு வெடிப்பினாலும் பாலில் இரத்தம் கலக்கும். அது வெடிப்பு ஆறியதும் நிற்கும். நிற்காவிட்டால் காட்ட வேண்டும்.

பால் கொடுத்த பிறகும் அப்படியே இருக்கும் கெட்டியான கட்டி. வலி இல்லாவிட்டாலும் காட்ட வேண்டும்.

அக்குளில் நகராத கட்டி.

இவை எல்லாம் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பால் கொடுக்கும் காலத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பால் சேர்ந்த நீர்க்கட்டியாக இருக்கலாம். சிலருக்குக் காச நோய்கூட மார்பில் கட்டியாகவும் ஆறாத புண்ணாகவும் வரும். அதற்கு அரசு ஆஸ்பத்திரியில் இலவச மருந்து உண்டு.

ஆனால் சிலருக்கு அது புற்றுநோயாக இருக்கும். இந்தியப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுநோய்தான் முதல் இடத்தில் உள்ளது. பால் கொடுத்தால் இந்த நோய் வரும் வாய்ப்பு குறையும். வரவே வராது என்று சொல்ல முடியாது. சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு அதிகம். ஒரு வகைப் புற்றுநோய் பார்ப்பதற்கு மார்பில் கிருமி பிடித்தது போலவே இருக்கும். மார்பு சிவந்து, வீங்கி, சூடாக இருக்கும். கிருமிக்கான மருந்தை முழுவதும் சாப்பிட்டும் வீக்கம் போகவில்லை என்றால், "எனக்கு ஸ்கேன் எடுத்துப் பாருங்கள்" என்று கேளுங்கள். சதைப் பரிசோதனை தேவைப்பட்டாலும் பால் கொடுக்கும்போதே செய்யலாம்.

1, 2, 2: நினைவில் வையுங்கள்

1 நாள்: வலியும் வீக்கமும் 1 நாளில் குறையவில்லை என்றால் போங்கள். காய்ச்சல் இருந்தால் அன்றே போங்கள்.

2 நாள்: மருந்து தொடங்கி 2 நாளில் குணம் தெரியவில்லை என்றால் மறுபடியும் போங்கள்.

2 வாரம்: கட்டியோ தோல் மாற்றமோ 2 வாரம் ஆகியும் போகவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதி வாங்குங்கள்.

எழுதி வையுங்கள்

வீட்டு வேலையில் நாள் போவது தெரியாது. "எப்போதிலிருந்து கட்டி இருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டால், "கொஞ்ச நாளாக" என்று சொல்லி விடுவோம். கொஞ்ச நாள் என்றால் 4 நாளா? 4 மாதமா?

இப்போது நமக்கு எழுதத் தெரியும். காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்:

எந்தப் பக்கம்: இடது / வலது
தொடங்கிய தேதி:
காய்ச்சல்: உண்டு / இல்லை
சாப்பிட்ட மருந்து:
மருந்து தொடங்கிய தேதி:
பிள்ளையின் வயது:

இந்தத் தாளை மருத்துவரிடம் கொடுங்கள். பேசக் கூச்சமாக இருந்தால் தாள் பேசும். யாராவது, "பால் கட்டுதான், போம்மா" என்று சொன்னால், தேதியைக் காட்டிக் கேளுங்கள்: "3 வாரம் ஆகிவிட்டதே, இன்னும் பால் கட்டுதானா?"

வேலைக்காக வேறு மாநிலத்தில் இருக்கிறீர்களா? அங்குள்ள மொழி பேசத் தெரியாவிட்டாலும் தேதியும் மருந்துச் சீட்டும் உதவும். எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் வையுங்கள்.

நமக்கு உள்ள உதவிகள்

பிறந்த குழந்தை உள்ள வீட்டுக்கு ஆஷா பணியாளர் வருவார். 2011-இல் வந்த ஏற்பாடு இது. ஆஸ்பத்திரியில் பிரசவமானால் 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் அவர் வர வேண்டும். பிள்ளையை மட்டும் காட்டாதீர்கள். உங்கள் மார்பு வலியையும் சொல்லுங்கள். ஆஷா இல்லாத ஊரில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள்.

2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தில், பிரசவமாகி 42 நாள் வரை தாய்க்கு அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சையும் மருந்தும் பரிசோதனையும் இலவசம்.

30 வயதான பெண்களுக்கு அரசு சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை செய்கிறார்கள். கட்டி இருந்தால் எந்த வயதிலும் காட்டலாம்.

தொழிற்சாலை, தோட்டம் போன்ற இடங்களில் வேலை செய்யும் தாய்க்கு, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் 2 முறை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும். இது சட்டம் தந்த உரிமை.

மார்பைப் பற்றிப் பேச நாம் வெட்கப்படுகிறோம். கால் வலி, தலை வலி போல இதுவும் உடம்பில் வரும் வலிதான். கணவரிடம் சொல்லுங்கள். மாமியாரிடம் சொல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்றால் கேளுங்கள். சொல்லாமல் இருக்க மட்டும் வேண்டாம்.

பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் பால் கட்டினால் என்ன வைத்தியம் செய்கிறார்கள்? அதில் எது சரி? எது தவறு?

2. கறுத்த நிறம் உள்ள தாய்க்கு மார்பில் கிருமி பிடித்ததை எப்படி அறிவது?

3. 1, 2, 2 என்றால் என்ன? வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

4. உங்கள் பகுதி ஆஷா அல்லது செவிலியரின் தொலைபேசி எண்ணைக் கேட்டு இங்கே எழுதுங்கள்: ........................